ஹான்ஸ் வெக்னரின் நாற்காலிகள் கைவேலையா, இயந்திர வேலையா?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். உள்ளரங்க வடிவமைப்புப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பணியாற்றிய டேனிஷ் கைவினை வடிவமைப்பாளர் ஒருவரைப் பற்றி இந்தப் பருவத்திற்குள் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். நான் ஹான்ஸ் வெக்னரைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நான் பயிற்சிக்குச் சென்ற அலுவலகத்தின் சந்திப்பு அறையில் அவருடைய ‘ஒய்’ நாற்காலி என்று சொல்லி ஆறு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் இரண்டு மாதம் அமர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

படிக்கப் படிக்க எனக்குக் குழப்பமே மிஞ்சுகிறது. ஒரு பக்கம் அவரை உளி பிடித்த கைவினைஞர் என்று கொண்டாடுகிறார்கள். மறுபக்கம் பார்த்தால், அந்த ‘ஒய்’ நாற்காலி 1949-இல் வரையப்பட்டு, 1950 முதல் இன்றுவரை இடைவிடாமல் கார்ல் ஹான்சன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் உற்பத்தியாகி உலகம் முழுவதும் விற்பனையாகிறது. இயந்திரத்தில் அறுத்து, ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் ஒரு பொருளைக் கைவினை என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

இரண்டாவது ஐயம், சற்றுச் சிறுபிள்ளைத்தனமாகக்கூட இருக்கலாம். அவர் தம் வாழ்நாளில் 500-க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வடிவமைத்தார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளை ஒரு மனிதர் எதற்காக ஐந்நூறு தடவை வரைய வேண்டும்?

உளிச்சத்தம்:

இளவேனில் அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் மரப் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கையும் இயந்திரமும் எதிரெதிர் அணிகள் என்று முன்பே முடிவு செய்துகொண்டுதான் இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். வெக்னர் அப்படி நினைக்கவில்லை. அவருடைய நாற்காலிகளின் மூட்டுகளைப் பார்த்தாலே அது புரிந்துவிடும். ஆனால் அதற்கு முன் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் 1914 ஏப்ரல் 2 அன்று, ஜெர்மன் எல்லையை ஒட்டிய டொண்டர் என்ற சிற்றூரில், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் பிறந்தபோது அந்த ஊர் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. 1920-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகுதான் டென்மார்க்குடன் சேர்ந்தது. (ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்கே வாக்களித்தார்கள், ஆனால் மண்டலம் முழுவதையும் ஒன்றாக எண்ணியதால் அவர்கள் டேனிஷ் குடிமக்களாகிவிட்டார்கள்.) பதினான்கு வயதில் ஸ்டால்பர்க் என்ற தச்சரின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார்; பதினேழு வயதில் பயிற்சியை முடித்துத் தேர்ந்த தச்சரானார். இருபது வயதில் ராணுவப் பணிக்காகக் கோபன்ஹேகன் சென்ற இளைஞர், ஊருக்குத் திரும்பிப் பட்டறை வைப்பதை விட்டுவிட்டு, 1936-இல் அங்கிருந்த கைவினைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கற்பித்த மோல்கார்ட் நீல்சன், கோரே கிளிண்டின் மாணவர். கிளிண்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும் போதும். பழைய நாற்காலிகளைத் தூக்கி எறியாமல் அளந்து படிக்க வேண்டும், மனித உடலின் அளவுகளிலிருந்துதான் தளவாடம் (மேசை, நாற்காலி போன்றவை) பிறக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்.

படிப்பு முழுமையாவதற்கு முன்பே, 1938-இல், வெக்னர் வேலைக்குப் போய்விட்டார். கட்டடக்கலைஞர்கள் ஆர்னே யாகப்சனும் எரிக் மோலரும் சேர்ந்து கட்டி 1941-இல் திறக்கப்பட்ட ஆர்ஹுஸ் நகர மண்டபத்தின் தளவாடங்கள் அவர் கையில் வந்த முதல் பெரிய பணி. ஏறத்தாழ அதே காலத்தில்தான் கோபன்ஹேகனில் சிறிய பட்டறை வைத்திருந்த யோஹன்னஸ் ஹான்சன் என்ற தச்சருடன் அவருக்கு உறவு ஏற்பட்டது. அந்நகரத் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்தியது. ஒரு தச்சரும் ஒரு வடிவமைப்பாளரும் ஜோடியாகச் சேர்ந்து புதுப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பார்கள். டேனிஷ் தளவாடத்தின் பொற்காலம் என்று இன்று சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கண்காட்சி மண்டபத்தில்தான் நடந்தது.

இப்போது மூட்டுக்கு வருகிறேன். 1949-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வெக்னர் வைத்த ‘வட்ட நாற்காலி’யைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முதுகுச் சட்டமும் இரண்டு கைப்பிடிகளும் ஒரே ஓட்டமாக வளைந்து வருவதுபோல் தெரியும். உண்மையில் அவை மூன்று தனித்தனிக் கட்டைகள். தொடக்கத்தில் அவற்றைக் கழுந்து (ஒரு கட்டையின் முனை மற்றதன் துளைக்குள் செல்லும் இணைப்பு) வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பூட்டு வெளியே தெரிவது வெக்னருக்குப் பிடிக்கவில்லை. எனவே முதுகுப் பகுதி முழுவதையும் பிரம்பால் சுற்றி மறைத்துவிட்டார். இருக்கையும் பிரம்புப் பின்னல் என்பதால் பார்ப்பவர்கள் அதை அழகுக்காகச் செய்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அவர் மனம் மாறியது. கோரைப்பற்களைப்போல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வளைந்தோடிய பல் மூட்டு ஒன்றை அமைத்து, பிரம்பை நீக்கிவிட்டு, மூட்டை அப்படியே வெளியில் தெரியும்படி விட்டார். நேற்று மறைக்க வேண்டியிருந்த குறை இன்று அந்த நாற்காலியின் முகமாகிவிட்டது.

இதில் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. அந்தப் பற்களைக் கையால் வெட்டி அந்த அளவுக்குத் துல்லியமாகப் பொருத்துவது பெரும்பாடு. இயந்திரத்தின் வெட்டலகு அதை நொடியில் செய்துவிடும். ஆனால் பசை உலர்ந்த பிறகு, கைப்பிடியின் தட்டையான முனை முதுகை நோக்கிப் போகப்போக மெல்லத் திரும்பி நிமிர்ந்து நிற்கும் அந்தத் திருகலை, அரத்தாலும் சுரண்டு தகட்டாலும் மணல்தாளாலும் கடைசியாகச் சீராக்குவது ஆள்தான். உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் அது முடிந்ததா இல்லையா என்று முடிவு செய்ய முடியும். எந்த இடத்தில் இயந்திரம் நிற்க வேண்டும், எந்த இடத்தில் கை தொடங்க வேண்டும் என்று வரைபடத்திலேயே தீர்மானித்துவிடுகிற அறிவுதான் வெக்னரிடம் இருந்த கைவினை. அதைப் பட்டறையில் வளராத ஒருவரால் வரைந்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அவர் தம் நாற்காலிகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவில் மரத்தில் மாதிரிகளைத் தாமே செய்து பார்ப்பார். அதன் பிறகு முழு அளவு வரைபடம். அதன் பிறகுதான் பட்டறை.

ஐந்நூறு என்ற எண்ணைப் பற்றி: அவை ஐந்நூறு புதுக் கற்பனைகள் அல்ல. 1944-இல் சீனத்து மிங் காலத்து நாற்காலிகளைப் பார்த்து ஒரு ‘சீன நாற்காலி’யைச் செய்தார். வட்ட நாற்காலியும் உங்கள் ‘ஒய்’ நாற்காலியும் அதன் பிள்ளைகள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைக் கழித்துக்கொண்டே வந்தார். இதேபோல் 1947-இல் இங்கிலாந்தின் பழைய விண்ட்சர் நாற்காலியை எடுத்துக்கொண்டு, அதன் முதுகுக் குச்சிகளைத் தோள்பட்டை படும் இடத்தில் மட்டும் தட்டையாக்கினார்; அந்தத் தட்டைகள் தோகையின் கண்களைப்போல் இருந்ததால் சக வடிவமைப்பாளர் ஃபின் யூல் அதை மயில் நாற்காலி என்று அழைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. முதுகு வலிக்காமல் இருக்கச் செய்த வேலை தோகையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பொதுக்கூடம்:

உளிச்சத்தம் ஐயா மூட்டுகளைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாணவர் ஒருவர் கட்டுரை எழுதும்போது விலையைப் பற்றியும் பேச வேண்டாமா? வெக்னரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அதைத் தொடுவதே இல்லை.

அவருடன் கோபன்ஹேகனில் ஒரே பள்ளியில் படித்த நெருங்கிய நண்பர் பொர்கே மொகென்சன். இருவரும் பதினொரு நாள் இடைவெளியில் ஒரே ஆண்டு, ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். இருவரும் தச்சு பழகிவிட்டுப் படிக்க வந்தவர்கள். மொகென்சன் 1942 முதல் 1950 வரை டேனிஷ் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் தளவாட வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். சிறிய வீட்டில் குடியிருக்கும் தொழிலாளியும் ஆசிரியரும் வாங்கக்கூடிய நல்ல மேசை நாற்காலி என்பதே அந்தப் பிரிவின் குறிக்கோள். அவர் 1947-இல் வரைந்த ‘மக்கள் நாற்காலி’ நேரான நான்கு கால்கள், ஒரு முதுகுப் பட்டை, கயிற்று இருக்கை என்ற அளவில் முடிந்துவிடும். அதில் காட்சிப்படுத்த எதுவும் இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. வெக்னரும் அதே கூட்டுறவு அமைப்புக்காக 1944-இல் முன்னும் பின்னும் ஆடும் நாற்காலி ஒன்றை வரைந்து கொடுத்தார். அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. எனக்கு அவருடைய எல்லா வேலைகளிலும் அதுதான் பிடித்தது.

அதன் பிறகு அவர் பாதை வேறு பக்கம் திரும்பியது. யோஹன்னஸ் ஹான்சனின் பட்டறையில் ஒரு சில தச்சர்கள் மட்டும் இருந்து செய்த வட்ட நாற்காலி தொடக்கத்திலிருந்தே எளியவர் வாங்கும் பொருளாக இருக்கவில்லை. அதைத் தூக்கி நிறுத்தியது டேனிஷ் குடும்பங்கள் அல்ல; 1950-இல் அட்டையில் அதன் படத்தை வெளியிட்ட இண்டீரியர்ஸ் என்ற அமெரிக்க இதழும் அமெரிக்க வாடிக்கையாளர்களும்தான். வசதியுள்ளவர்களின் அலுவலகங்களுக்குச் செல்லும் பொருளைப் பற்றி எழுதும்போது ‘நேர்மையான மரம்’, ‘எளிய வாழ்வு’ போன்ற சொற்களைத் தூவிவிடுவது இந்தத் துறையில் ஒரு பழக்கமாகிவிட்டது. அதிலிருந்து நீங்கள் விலகி எழுதினால் கட்டுரை நன்றாக இருக்கும்.

உளிச்சத்தம்:

பொதுக்கூடம் அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மற்றப் பாதிக்கு ஒரு பதில் உண்டு. 1951-இல் ஐந்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து ‘சலேஸ்கோ’ என்ற பெயரில் வெக்னரின் படைப்புகளை ஒன்றாக விற்கத் தொடங்கினார்கள். நாற்காலிகளைக் கார்ல் ஹான்சன் செய்தார்கள், மேசைகளை ஆண்ட்ரியாஸ் டுக், பஞ்சு வைத்துத் தைத்த பெரிய இருக்கைகளை ஏபி ஸ்டோலன், மெத்தை போட்டவற்றைக் கெடாமா, அலமாரிகளை ரூ என்று ஒவ்வொருவரும் தத்தம் இயந்திரங்களுக்குத் தக்கதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதாவது, யோஹன்னஸ் ஹான்சனின் பட்டறைக்கு வரைவது வேறு, தொழிற்சாலைக்கு வரைவது வேறு என்பதை வெக்னர் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார். வட்ட நாற்காலியையும் ‘ஒய்’ நாற்காலியையும் அவர் வரைந்தது ஒரே ஆண்டில். முன்னதில் கட்டையைக் குடைந்து செதுக்கிய வளைவு. பின்னதில் நீராவியில் வளைத்த ஒரே கட்டை. பின்னது குறைந்த விலைக்கு, கூடுதலான எண்ணிக்கையில் செய்வதற்கென்றே யோசிக்கப்பட்டது. அதன் இன்றைய விலைக்கு வரைந்தவரைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இளவேனில்:

இருவருக்கும் நன்றி. ‘ஒய்’ நாற்காலியைப் பற்றிச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதன் பின்கால்கள் எப்படி அவ்வாறு வளைந்து திரும்புகின்றன? நீராவியில் வளைத்தவையா? நான் அமர்ந்திருந்த நாற்காலி அசலா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அலுவலகத்தில் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை.

கயிற்றுக்கட்டில்:

நாற்காலிகளுக்குக் கயிறும் பிரம்பும் மாற்றிப் பின்னிக் கொடுப்பது என் தொழில் என்பதால் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பின்கால்கள் வளைத்தவை அல்ல. இதுதான் அந்த நாற்காலியின் மிகப் பெரிய கண்கட்டு வித்தை. தட்டையான பலகையில் ஒரே தளத்தில் வளைந்த வடிவத்தை அறுத்தெடுத்து, பிறகு அதை உருட்டி வடிவம் கொடுக்கிறார்கள். நாற்காலியில் பொருத்தும்போது அதைச் சாய்த்துப் பொருத்துவதால், அந்த ஒற்றை வளைவு முன்பக்கமும் உள்பக்கமும் ஒரே நேரத்தில் திரும்புவதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. நீராவியில் வளைப்பது மேலே கைப்பிடியும் முதுகுமாக ஓடும் அரைவட்டச் சட்டத்தை மட்டுமே. அது மெல்லியது, முதுகைத் தாங்க அது தனியாகப் போதாது. அதற்கு நடுவில் ஒரு தாங்கல் வேண்டும் என்பதற்காகவே இருக்கையிலிருந்து எழுந்து இரண்டாகப் பிரியும் அந்த ‘ஒய்’ வடிவப் பலகையை வைத்தார். டேனியர்கள் அதை ‘ஒய்’ நாற்காலி என்றும் ஆங்கிலம் பேசுபவர்கள் கோழியின் கவை எலும்பின் பெயராலும் அழைப்பது அதனால்தான்.

இருக்கையில் இருப்பது கயிறு என்றாலும் நூல் அல்ல, முறுக்கிய காகிதம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்புல் கயிறு கிடைக்காமல் போனபோது அதற்கு மாற்றாக டென்மார்க்கில் புழக்கத்துக்கு வந்தது, போர் முடிந்த பிறகும் நிலைத்துவிட்டது. ஒரு நாற்காலிக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கயிறு செல்லும்; தேர்ந்த கைகளுக்கு ஒரு மணி நேர வேலை. எனக்கு முதல் நாற்காலிக்கு ஒன்றரை நாள் ஆயிற்று என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இருக்கை முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருப்பதால், முதலில் முன்மூலைகளில் மட்டும் கூடுதலாகச் சுற்றி, நான்கு பக்கமும் சமமான நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நடுவை நோக்கிப் பின்ன வேண்டும். அஞ்சல் உறையின் பின்புறத்தைப்போல் நான்கு முக்கோணங்கள் நடுவில் வந்து சேரும். இழுவிசை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் தளர்ந்தாலும் இரண்டு ஆண்டுகளில் குழி விழுந்துவிடும். உலகத் தரத்தில் இயந்திரங்களை வைத்திருக்கும் அந்த நிறுவனம் இந்த ஒரு வேலையை இன்றும் ஆட்களிடமே கொடுத்திருக்கிறது. ஒரு நாற்காலிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப்படிகள் உண்டு என்று அவர்கள் சொல்வதில் கணிசமானவை இன்றும் கைவேலையே.

அசலைக் கண்டுபிடிக்க, மேல் சட்டத்தின் மர ரேகையைப் பாருங்கள். நீராவியில் வளைத்த கட்டையில் ரேகை வளைவோடு சேர்ந்தே ஓடும். துண்டு துண்டாக அறுத்து ஒட்டியதில் ரேகை வளைவின் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும், ஒட்டிய கோடும் தெரியும். பின்காலிலும் அதையே பார்க்கலாம். அசலில் அது ஒரே கட்டை.

போலிகளைப் பற்றிச் சட்டமும் ஒரே மாதிரி இல்லை. ஜப்பானில் 2011-இல் அறிவுசார் சொத்துரிமை உயர் நீதிமன்றம் இந்த நாற்காலியின் வடிவத்தையே முப்பரிமாண வணிகக் குறியாக ஏற்றுக்கொண்டது. டென்மார்க்கில் பயன்கலைக்கும் (நாற்காலி போன்ற பயன்பாட்டுப் பொருள்களின் வடிவமைப்புக்கும்) பதிப்புரிமை உண்டு. அது படைத்தவர் இறந்து எழுபது ஆண்டுகள்வரை நீடிக்கும். வெக்னர் 2007 ஜனவரி 26 அன்று மறைந்தார் என்பதால் 2077 இறுதிவரை அங்கு அது காக்கப்படும். பிரிட்டனில் 2016 வரை, தொழில்முறையில் உற்பத்தியான பொருள்களுக்கு இந்தக் காப்பு 25 ஆண்டுகளோடு முடிந்துவிட்டது. அதனால் நெடுங்காலம் நகல்கள் அங்கே தாராளமாக விற்கப்பட்டன.

தென்றல் தெரு:

ஒரு சிறு திருத்தத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களுக்கு இடையே நடந்த கென்னடி–நிக்சன் தொலைக்காட்சி விவாதத்தில் வட்ட நாற்காலி இடம்பெற்றது உண்மை. கென்னடிக்கு முதுகுவலி இருந்ததால் அவருக்காக அந்த நாற்காலியைப் போட்டார்கள் என்று அடுத்த வரியில் எழுதிவிடுவார்கள். நிக்சனும் அதே வகை நாற்காலியில்தான் அமர்ந்திருந்தார். படங்களில் தெளிவாகத் தெரிகிறது.

நகைச்சுவையாக ஒன்று வேண்டுமென்றால் 1953-ஆம் ஆண்டின் ‘உடை நாற்காலி’யைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் கழற்றிய உடையை ஒழுங்காக வைப்பது எவ்வளவு தொல்லை என்று கட்டடக்கலைப் பேராசிரியர் ஸ்டீன் ஐலர் ராஸ்முசென் உள்ளிட்டோருடன் பேசிக்கொண்டிருந்ததில் பிறந்தது அது. முதுகுப் பகுதி சட்டை மாட்டியின் வடிவம். இருக்கையைத் தூக்கி நிறுத்தினால் அதன் விளிம்பில் காற்சட்டையைத் தொங்கவிடலாம். அடியில் இருக்கும் பெட்டியில் சட்டைப்பைச் சில்லறைகளைப் போடலாம். டென்மார்க் மன்னர் ஒன்பதாம் ஃப்ரெடெரிக் அதை விரும்பிக் கேட்டும், வெக்னர் நான்கு கால்களை மூன்றாக்கித் தமக்கு நிறைவு வரும்வரை கொடுக்கவில்லை.

நேரில் பார்க்க வாய்ப்பு வந்தால் டொண்டர் செல்லுங்கள். அவ்வூரின் பழைய நீர்க்கோபுரத்தில் 1995 முதல் அவருடைய 37 நாற்காலிகளை மாடி மாடியாக வைத்திருக்கிறார்கள். அவர் தொழில் பழகிய ஊரும் அதுவே.

இளவேனில்:

மிக்க நன்றி. நேற்று மாலை அந்த அலுவலகத்திற்குச் சென்று ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். மேல் சட்டத்தில் மூன்று ஒட்டுக் கோடுகள் தெரிகின்றன, பின்காலில் ஒன்று. கயிறு மட்டும் காகிதம்தான், நன்றாகவே பின்னியிருக்கிறார்கள். என் கட்டுரையை அந்த மூன்று கோடுகளிலிருந்தே தொடங்கலாம் என்று இருக்கிறேன்; அவற்றை விளக்கினாலே வட்ட நாற்காலியின் பல் மூட்டுக்கும் ‘ஒய்’ நாற்காலியின் வளைத்த கட்டைக்கும் வந்து சேர்ந்துவிடுவேன். விலையைப் பற்றிப் பொதுக்கூடம் அவர்கள் சொன்னதற்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தின் ஆடும் நாற்காலியின் படத்தையும் அங்கே சேர்க்கிறேன்.